எஞ்சின் சத்தம் கேட்காத ஏற்றம்

என் மருமகன் புதுக் கார் வாங்கி வந்த அன்று என்னை முன்சீட்டில் உட்கார வைத்து, ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றிக் காட்டினார். "பாருங்க அத்தை, வெண்ணெய் மாதிரி!" நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி வைத்தேன். மனதுக்குள், இதெல்லாம் ஒரு காரா என்றிருந்தது. கார் என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாமா? இறங்கும்போது தோள்பட்டை இரண்டும் கழன்று கையோடு வர வேண்டாமா? எனக்குத் தெரிந்தது அப்படி ஒரு கார்தான்.

அப்பா இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வலயிலிருந்து மலைக்கு ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தார். சுதந்திரம் வந்து சில வருஷங்களில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்கு மூட்டை கட்டினார். போகும்போது தன் கறுப்புக் காரை அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனார். நீளமான கார். அதன் ஸ்டியரிங் சக்கரம் எங்கள் வீட்டுச் சுளகை விட அகலம். திரும்புகிற பக்கத்துக்குக் கை காட்ட, கதவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சிவப்புக் கை எழுந்து நிற்கும். சில சமயம் எழும்பாது, அப்போது அப்பா தட்டி எழுப்புவார். மழை துடைக்கிற கம்பி பள்ளத்தில் சுறுசுறுப்பாக ஆடும், மேட்டில் ஏறும்போது தூங்கிவிடும். எங்கள் ஊரிலோ மழை பெய்வதே மேட்டில்தான்.

அப்பா அந்தக் காரை ஓட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். இடது கை கியரில், வலது கை மட்டும் சக்கரத்தில். வளைவு வந்தால் தோள் கொஞ்சம் சாயும், கார் தானாகத் திரும்பும். கியர் மாற்றுவது கேட்காது. பள்ளத்தில் விழுந்தது தெரியாது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் யாரைப் பாம்பு கடித்தாலும், யாருக்கு இடுப்பு வலி எடுத்தாலும் அந்தக் கார்தான் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகும். அப்பாவுக்கு வாய் நீளம். பெரட்டுக்களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது பிந்தி வந்தவர்களை வாங்கு வாங்கென்று வாங்குவார். ஆனால் லயத்திலிருந்து ஆள் ஓடி வந்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சாவியை எடுப்பார். ஒரு மழைக்கால மாலையில், கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவை ஏற்றிக்கொண்டு போனோம். பின்சீட்டில் அம்மா அவளைப் பிடித்திருந்தாள், நான் முன்னால். பலாபத்வல கடைகளைத் தாண்டியதும் பின்னால் குழந்தை அழுகிற சத்தம். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆம்பளையா பொம்பளையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தண்ணீர் நிறைந்த குடத்தைத் தலையில் வைத்து நடக்கிற மாதிரி காரைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த எனக்கு, கார் ஓட்டுவது சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்றுதான் எண்ணம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவின் கண் இரண்டிலும் புரை விழுந்தது. முதலில் வலது கண்ணுக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்தார்கள். நன்றாகத்தான் முடிந்தது. கட்டோடு பஸ்ஸில் ஊருக்கு வந்தார். வழியில் பஸ் ஒரு குழியில் தூக்கிப் போட்டது. அவ்வளவுதான், அப்பா கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார். உள்ளே இரத்தம் கட்டி, அந்தக் கண் போயே போய்விட்டது. மிச்சம் இருந்தது இடது கண் ஒன்று. அதற்கும் நாள் குறித்தபோது, டாக்டர் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டுச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். "இந்தமுறை பஸ் வேண்டாம். ஒரு குலுக்கலும் ஆகாது. குனியக்கூடாது, இருமக்கூடாது, அழக்கூடாது. தையல் விட்டால் பிறகு நான் ஒண்டும் செய்யேலாது."

அப்போது நான் மாத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு சின்னக் காரில் பழகி லைசன்ஸும் எடுத்திருந்தேன். அது என்ன, பொம்மைக் கார். அப்பாவின் காரை யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தது. தோட்டத்து லொறிக்காரர் தானே வருவதாகச் சொன்னார். நல்ல மனுஷன், ஆனால் தேயிலைப் பெட்டியையும் மனுஷனையும் ஒரே மாதிரி ஏற்றி இறக்குவார். கண்டியில் வாடகைக் கார் பிடிக்கலாம் என்றாள் அம்மா. வழியில் வரும் பலகடுவை வளைவுகளில் அவர்கள் பறக்கிற பறப்பு எனக்குத் தெரியும். "நான் ஓட்டுறேன்" என்றேன். அப்பா கட்டிலில் படுத்தபடி, "அது உனக்கு அடங்காதும்மா" என்றார். "அடங்குதா இல்லையான்னு பாப்போம்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேயிலை ஸ்டோர் முற்றத்தில் அந்தக் காரை எடுத்தேன். ஐயோ, அம்மா! நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பப் பார்த்தால் அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, உடம்பையே முறுக்கினேன். ஒரு சாண் திரும்பியது, மறுபடி நின்றது. கார் கொஞ்சம் உருண்டால்தான் சக்கரம் இளகும், வேகம் குறையக் குறையக் கல்லாகிவிடும். ஒரு கல்லில் முன் சக்கரம் ஏறினால் ஸ்டியரிங் சுழன்று வந்து கையில் அடிக்கும். முதல் நாளே என் கட்டைவிரல் வீங்கிப் போனது. அதற்குப் பிறகுதான், அப்பா ஏன் கட்டைவிரலை எப்போதும் சக்கரத்துக்கு வெளியே வைத்திருந்தார் என்று புரிந்தது. பிரேக்கை மிதிக்கச் சீட்டை விட்டுப் பாதி எழ வேண்டும். முதுகுக்குத் தலையணை வைக்காவிட்டால் கிளச்சுக்குக் கால் எட்டாது. கியர் மாற்ற ஒரு தடவை கிளச்சை மிதித்து, விட்டு, எஞ்சினை ஒரு உறுமல் உறுமவிட்டு, மறுபடி மிதித்துப் போட வேண்டும். கொஞ்சம் பிசகினால் பல்லுப் பல்லாக அரைத்து, கார் ஒரு குதி குதிக்கும்.

ஒவ்வொரு குதிக்கும் எனக்கு அப்பாவின் கண்தான் ஞாபகம் வந்தது.

கை இரண்டும் காய்த்துப் போயின. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்க முடியவில்லை. ஆனால் வலியை விட எனக்குள் பெரிதாக இருந்தது திகைப்புதான். இந்த இரும்பு மலையையா அந்த மெலிந்த மனுஷன் இத்தனை வருஷமாக ஒற்றைக் கையால் ஓட்டினார்? பின்சீட்டில் பிள்ளை பிறந்துகொண்டிருந்தபோது, இதையா இவ்வளவு மெதுவாகக் கொண்டுபோனார்? சட்டைக்குள் அந்தத் தோள்கள் என்ன பாடுபட்டிருக்கும்! ஒரு நாளாவது 'கை வலிக்குது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அன்றுதான் எனக்கு என் அப்பாவைப் பார்த்து மலைப்பு வந்தது.

ஒருவழியாகக் குதிக்காமல் ஓட்டப் பழகிக்கொண்டேன். ஒன்றே ஒன்று மட்டும் கைக்கு வரவில்லை. ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது. கைப்பிரேக்கைத் தளர்த்தி, கிளச்சை விட்டு, எஞ்சின் பிடிப்பதற்குள் கார் ஒரு முழம் பின்னால் போகும், பிறகு வெடுக்கென்று முன்னால் பாயும். எத்தனை நாள் பார்த்தாலும் அந்த வெடுக்கு போகவில்லை. எங்கள் தோட்டத்து ரோட்டிலோ, பலாபத்வலயிலிருந்து திரும்பி ஏறும் வழியில், செங்குத்தான ஒரு வளைவில் மரத்தடிப் பிள்ளையார் இருக்கிறார். அங்கே நிறுத்திச் சூடம் கொளுத்தாமல் எந்த வண்டியும் மேலே ஏறாது. லொறி நிற்கும், புதுத் துரையின் கார் கூட நிற்கும். நான் முடிவு செய்துவிட்டேன். கீழ்ச் சமதரையிலேயே முதல் கியரைப் போட்டு, நிற்காமல் ஒரே மூச்சாக ஏறிவிட வேண்டியது. பிள்ளையாரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம், அவர் எங்கே போகப் போகிறார்.

அப்பாவைக் கூட்டி வரும் நாளில், கண்டிக்குப் போகும்போதே ரோட்டில் இருந்த குழிகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அப்பாவைப் பின்சீட்டில் கிடத்தினோம். தலை அம்மா மடியில், இரண்டு பக்கமும் மணல் அடைத்த பை. கண் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, அக்குறணை, அலவத்துகொடை என்று ஊர்ந்தேன். பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்துத் தள்ளின. பலகடுவையில் ஒரு பஸ் டிரைவர் பக்கத்தில் வந்து, "வீட்டுக்குப் போய்ச் சோறாக்குங்க நோனா!" என்று சிங்களத்தில் கத்திவிட்டுப் போனான். வேறு நாளாக இருந்தால் அவன் பரம்பரையையே இழுத்திருப்பேன். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு குழியைப் பார்த்தேன். பின்சீட்டிலிருந்து அப்பா, "இப்ப பெரிய வளைவு வருதாம்மா? இரண்டாவதுலயே வச்சுக்க" என்றார். கண்ணைக் கட்டிப் படுத்துக்கொண்டே ரோடு முழுவதையும் முதுகாலேயே பார்த்துக்கொண்டு வந்தார். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது, யாரும் சொல்லாமலே படுத்தபடி கையைக் கூப்பினார்.

பலாபத்வலயில் தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பினேன். சமதரையில் முதல் கியர். கார் முனகிக்கொண்டு ஏறத் தொடங்கியது. பிள்ளையார் வளைவைத் திரும்பினால், எனக்கு உயிரே நின்றுவிட்டது. ரோடு நிறைய ஆட்கள்! கிளாக்கரய்யா வருகிறார் என்று கேள்விப்பட்டு, லயமே இறங்கி வந்து நிற்கிறது. மாலை, தேங்காய், சூடத்தட்டு, தப்பு மேளம். அன்பு என்றால் இப்படித்தான், ஆளைக் கொல்லும்.

தப்பில் ஒரு அடி விழுந்தது. நான் பிரேக்கில் எழுந்து நின்றேன். கார் நின்றது. கைப்பிரேக்கை நெஞ்சு வரைக்கும் இழுத்துப் பிடித்தேன். ஆனாலும் கார் மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நழுவுவது தெரிந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, உதட்டில் விரலை வைத்தேன். தப்பு நின்றது. பின்சீட்டில் குழந்தை பெற்றாளே, அந்த அக்காதான் முதலில் கிட்டே வந்தாள்.

"என்னா டீச்சரம்மா? மொகமெல்லாம் வெளுத்துப் போச்சே."

"அக்கா, இந்த மேட்டுல வண்டியக் கெளப்புனா குதிக்கும். குதிச்சா அய்யாவோட கண்ணு போயிரும். இருந்த ஒரு கண்ணும் போயிரும்." என் குரல் உடைந்துவிட்டது.

அவள் ஒரு நொடி காரைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவான குரலில், "ஏன் கெளப்பணும்? நீங்க எஞ்சின நிப்பாட்டுங்க. மாசி மகத்துக்கு மாத்தளையில அம்மன் தேரையே நாங்கதானே இழுக்குறோம். தேரு குலுங்குனா ஆத்தா சும்மா விடுவாளா?" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு ஆட்கள் பின் சக்கரத்துக்குக் கல்லை அணை கொடுத்தார்கள். கார் நழுவுவது நின்றது. யாரோ ஸ்டோருக்கு ஓடி வடக்கயிறு மாதிரி ஒரு தடித்த கயிறு கொண்டுவந்தார்கள். முன்னால் கட்டினார்கள். இதெல்லாம் கண் ஜாடையிலேயே நடந்தது. காற்று அடித்துச் சூடப்புகை கார்ப்பக்கம் வந்தது. அப்பா இருமிவிடக்கூடாதே என்று நான் பதறுவதற்குள், ஒரு கிழவி தட்டை முந்தானையால் மறைத்துக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். ஆண்களும் பெண்களும் கயிற்றைப் பிடித்தார்கள். பின்னால் ஒரு கூட்டம் முதுகு கொடுத்தது. தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் கையில் கட்டையோடு இரண்டு பக்கமும் குந்தி நின்றார்கள்.

எஞ்சினை நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, கைப்பிரேக்கைத் தளர்த்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து வேறு எதிலிருந்தும் கையை எடுத்ததில்லை.

கார் ஒரு இம்மி கூடப் பின்னால் போகவில்லை. மெல்ல, அது அசைவதே தெரியாமல், மேலே ஏறியது. தேர் இழுக்கிறவர்கள் போடுகிற அரோகரா இல்லை, சத்தம் இல்லை. சரளையில் பதிகிற வெறுங்கால்களும் மூச்சுகளும் மட்டும்தான் கேட்டன. சக்கரம் உருள உருளக் கட்டை கூடவே வந்தது. ஆனால் அந்த நடைவேகத்தில் ஸ்டியரிங் கல்லுதானே? அடுத்த வளைவில் முழு பலத்தையும் போட்டு முறுக்கினேன். திரும்பவில்லை. கார் ஓரத்துப் பள்ளத்தைப் பார்த்துப் போனது. அப்போது ஜன்னல் வழியாக இரண்டு கைகள் உள்ளே வந்தன. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். அந்த அக்கா கூடவே நடந்துகொண்டு, என் கைக்கு மேலே கையை வைத்து இழுத்தாள். சக்கரம் திரும்பியது. அப்பாவின் கைக்கு மட்டும் அடங்கிய கார், அன்று நாலு கைக்கு அடங்கியது. அவள் கையை எடுக்கவே இல்லை, எங்கள் வீட்டு வாசல் வரைக்கும்.

பாதி வழியில் அப்பா கேட்டார், "எஞ்சின் சத்தத்தையே காணோமேம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் தாங்கமாட்டார், அழுதுவிடுவார். அழக்கூடாது. "மெதுவா வச்சிருக்கேம்ப்பா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மேட்டில் ஏறுகிற காருக்கு அது ஒரு பதிலா? கண்ணாடியில் பார்த்தேன். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுக் கூட அப்பாவின் மேல் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அப்பா துழாவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா ஓட்டுறம்மா" என்றார்.

வீட்டு வாசலில் ஆறேழு பேர் பாயோடு அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். மாலை யார் கழுத்திலும் விழவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் காரின் முன்பக்கத்தில் மாட்டியிருந்தது. எல்லோரிடமும் சொல்லி வைத்தேன், கட்டு அவிழ்க்கிற வரைக்கும் அய்யா காதில் இந்தப் பேச்சே விழக்கூடாது என்று. லயத்தில் ஒரு ரகசியம் அரை நாள் தாங்காது. இது தாங்கியது.

வாரங்கள் போயின. மறுபடி கண்டிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இருட்டிய அறையில் டாக்டர் கட்டை அவிழ்த்தார். தடித்த கண்ணாடி ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரில் இருந்த எழுத்துகளைக் காட்டினார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா மேலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, அதற்கும் சின்ன எழுத்து. கடைசி வரி வரை போய் நிறுத்தினார். டாக்டர் சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அப்பா அவரைப் பார்த்துக் கேட்டார், "இனிமே அழலாங்களா டாக்டர்?"

"ஓம், இனி அழலாம். ஏன் ஐயா கேக்கிறியள்?"

அப்பா என் பக்கம் திரும்பி, அந்தக் கண்ணால் முதல் தடவையாக என் கையைப் பார்த்தார், காய்ப்பைத் தடவினார். "ஏம்மா, அந்தக் கார இத்தனை வருஷமா ஓட்டுனவன் நான். எஞ்சின் இழுக்குதா மனுஷன் இழுக்குறானான்னு எனக்குத் தெரியாதா? பிள்ளையார் கோயில்லயே தெரியும். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா அழுகை வந்துரும்னு பேசாமக் கிடந்தேன். அத்தனை பேரு இழுத்துக் காப்பாத்துன கண்ண நானே கெடுத்துக்கலாமா?"

பிறகு கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, டாக்டர் முன்னாலேயே, அந்த ஏற்றத்தில் அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தார்.